‘நம்ம ஃபாதர் ஏன் கல்யாணம் செய்யல?’: மறைக்கல்வி வகுப்பில் இதற்குப் பதில் சொல்லும் விதம்

கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிப்பூசுதல் என்ற அருட்சாதனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கும் எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இன்னும் சீக்கிரமே வந்துவிடும். மார்த்தாண்டம் பக்கத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை இருக்கும், லத்தீன் கத்தோலிக்கக் கோயில் இருக்கும், கொஞ்சம் தள்ளி மலங்கரைக் கத்தோலிக்கக் கோயிலும் இருக்கும். சிஎஸ்ஐ போதகரின் மகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள். கேரள எல்லை தாண்டிச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், அங்கே ஆர்த்தடாக்ஸ் அச்சன் (குரு) மனைவி பிள்ளைகளோடு வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கை உயர்கிறது: “டீச்சர், நம்ம ஃபாதர் மட்டும் ஏன் கல்யாணம் செய்யல?”

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு மறைக்கல்வியை நான் விடவில்லை. என் தம்பி மறைமாவட்டக் குரு என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வகுப்புக்கு வெளியிலும் உண்டு. பஸ்ஸிலும் கேட்பார்கள், கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். புதிதாக வகுப்பெடுக்க வரும் இளைஞர்கள் பலர் “கடவுளுக்குத் தன்னையே கொடுத்துட்டார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதையே போதகரின் மகளிடம் யாராவது சொன்னால், “அப்போ எங்க அப்பா கொடுக்கலியா?” என்றுதானே அவள் கேட்பாள்? பாதிப் பதில் பக்கத்து வீட்டாரைத் தாழ்த்திவிடும். பிள்ளைகள் வளர்ந்து யூடியூபில் வேறு கதை கேட்கும்போது, நாம் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் முழுசாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லும் வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தச் சட்டம் எப்படி வந்தது? திருச்சபை இதை ஏன் நல்லதாக நினைக்கிறது? நம் ஃபாதர் இதை எப்படி வாழ்கிறார்? கேட்கும் பிள்ளை எதைக் கேட்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் பெரும்பாலும் முதலாவதைக் கேட்பான்: “யாரு டீச்சர் இந்த ரூல் போட்டது?” அவனிடம் தியாகத்தைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவான். குருவாகப் பயிற்சி பெறும் குருமடத்துக்குப் போக ஆசைப்படும் பையன் கேட்பது மூன்றாவதை. அவனிடம் போய் 12-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய சங்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இது மாறக்கூடிய ஒழுங்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

இயேசு உயிர்த்தார் என்பது நம் விசுவாசம். அதை எந்தப் பாப்பரசரும் மாற்ற முடியாது. குருக்கள் மணமுடிக்காமல் இருப்பது அந்த வகையைச் சேர்ந்ததில்லை; இது லத்தீன் திருச்சபையின், அதாவது ரோமின் வழிபாட்டு மரபைப் பின்பற்றும் கத்தோலிக்கரின், ஒழுங்குமுறை. திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 277-ஆம் விதியாக இருக்கிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலேயே, குருத்துவத்தின் இயல்பு மணத்துறவை (மணமுடிக்காமல் வாழ்வதை) கட்டாயமாகக் கேட்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆதித் திருச்சபையின் வழக்கத்தையும், கிழக்கத்திய வழிபாட்டு மரபில் வந்த கீழைத் திருச்சபைகளின் மரபையும் அதற்குச் சான்றாகக் காட்டி, அப்புறம்தான் இது குருத்துவத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்று விளக்குகிறது. அந்த வரிசையை நாமும் பின்பற்றினால் போதும்.

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஃபாதர்மேல் மரியாதை குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் கண்டது நேர்மாறாக இருக்கிறது. “கடவுள் போட்ட கட்டளை, அதனால வேற வழியில்ல” என்று கேட்டால் பரிதாபம்தான் வரும். “திருச்சபை இப்படி ஒன்று கேட்கிறது, இவர் தானாக முன்வந்து சரி என்றார்” என்று கேட்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அடுத்ததாக பைபிளைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள், அவர்களே தேடட்டும். மாற்கு முதல் அதிகாரம்: பேதுருவின் மாமியார் காய்ச்சலாகக் கிடக்கிறார், இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருக்க வேண்டுமே என்று ஒருவன் கண்டுபிடிப்பான். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். அப்புறம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 9-ஆம் அதிகாரம்: கேபாவும் (பேதுருதான்) மற்றத் திருத்தூதர்களும் மனைவியை உடன் அழைத்துச் செல்வதைப் பவுல் குறிப்பிடுகிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் 3-ஆம் அதிகாரத்தில், சபைக் கண்காணிப்பாளர் ஒரே மனைவி உடையவராக இருக்க வேண்டும் என்று வருகிறது. இந்த இடங்களை நாமே காட்டிவிடுவது நல்லது. பிற்பாடு கல்லூரி ஹாஸ்டலில் யாராவது இதைக் காட்டி “உங்க சபை இதையெல்லாம் மறைச்சிடுச்சு” என்று சொன்னால், நம் பிள்ளை “எனக்கு மறைக்கல்வியிலேயே தெரியும்” என்று பதில் சொல்லட்டும்.

கோவ்ச் அடிகளாரின் கதையைச் சொல்லுங்கள்

மணமான கத்தோலிக்கக் குரு என்று ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். பாப்பரசரின் தலைமையை ஏற்ற கீழைத் திருச்சபைகள் 23 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மணமானவர்கள் குருப்பட்டம் பெறலாம். உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த எமிலியன் கோவ்ச் அடிகளாரைப் பற்றிச் சொல்ல நான் எப்போதும் நேரம் ஒதுக்குவேன். 1911-இல் குருவானார். மனைவி உண்டு, ஆறு பிள்ளைகள். பெரெமிஷ்லியானி என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்தார். நாஜிகள் அந்த ஊரைப் பிடித்தபோது, சாவுக்குப் பயந்து தஞ்சம் கேட்டு வந்த யூதர்களுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கொடுத்து உயிரைக் காப்பாற்றப் பார்த்தார். அதற்காகக் கைதாகி மைதானெக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். வெளியே இருந்தவர்கள் அவரை விடுவிக்க முயன்றபோது, இங்கே சாகிறவர்களுக்கு நான் ஒருவன்தான் குரு, என்னை இங்கேயே விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். 1944 மார்ச்சில் அங்கேயே இறந்தார். 2001-இல் இரண்டாம் யோவான் பவுல் உக்ரைனுக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் நிலைக்கு முந்திய படி) என்று அறிவித்தார்.

இந்தக் கதை முடிந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். மனைவியும் ஆறு பிள்ளைகளும் இருந்தவர் முகாமை விட்டு வர மறுத்தார் என்றால், மணமான குரு அரைமனதாக உழைப்பார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. போதகரின் மகளுக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது.

கீழைத் திருச்சபைகளின் விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் குழப்பம் வரும். மணமானவர் குருவாகலாம், குருவானவர் மணமுடிக்க முடியாது. கல்யாணம் முதலில், பட்டம் பிறகு. மனைவி இறந்துபோனால் மறுமணம் இல்லை. ஆயராக வருபவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். 692-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திரூல்லோ சங்கம் இதை எழுதிவைத்தது. கேரளத்து ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய அச்சன்மாரும் இந்த மரபில் வந்தவர்கள்தான். அவர்கள் பாப்பரசரின் கீழ் இல்லை என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்திவிடுங்கள். நம் பக்கத்து சீரோ மலபார், சீரோ மலங்கரா அச்சன்மார் கத்தோலிக்கக் கீழைத் திருச்சபையினர், ஆனாலும் இங்கே பொதுவாக மணமாகாதவர்கள்.

அதற்கும் ஒரு கதை உண்டு. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் குருக்களான கத்தனார்கள் பழைய காலத்தில் மணமுடித்து வாழ்ந்தவர்கள். கோவா பேராயர் அலெக்ஸோ டி மெனேசிஸ் 1599-இல் கொச்சிக்குப் பக்கத்தில் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அதைத் தடைசெய்தது. மணமானவர்கள் மனைவியைப் பிரிந்தால்தான் பலிபீடத்துக்கு வரலாம் என்றது. எத்தனை வீடுகளில் அழுகை கேட்டிருக்கும்! மேற்கத்திய வழக்கத்தை எல்லார் தலையிலும் சுமத்திய அந்தச் செயல் சரியென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 1653-இல் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கூனன் சிலுவைச் சத்தியம் நடந்து அந்தச் சமுதாயமே பிளந்ததற்கு இதுபோன்ற காயங்களும் சேர்ந்துதான் காரணம்.

வரலாற்றை எந்த அளவுக்குச் சொல்வது

பெரியவர்கள் கூட்டத்தில், அதாவது அன்பியக் கூட்டத்திலோ (பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேரும் சிறு குழு) பெற்றோர் கூட்டத்திலோ, கட்டாயம் ஒருவர் எழுந்து “இதெல்லாம் சொத்துக்காகப் பண்ணினது” என்பார். அவரை வாயடைக்கப் பார்க்காதீர்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது நடுவில் வரும் ஒரு பங்குதான்.

தொடக்கம் சொத்துப் பிரச்சினைக்கு வெகுகாலம் முந்தியது. ஸ்பெயினில் எல்விரா என்ற இடத்தில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய சங்கத்தின் 33-ஆம் விதி, ஆயர்களும் குருக்களும் திருத்தொண்டர்களும் (குருவுக்கு முந்திய பட்டம் பெற்றவர்கள்) தங்கள் மனைவியரோடு தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும் என்றது. பாப்பரசர் சிரீசியுஸ் 385-இல் தரகோனா ஆயர் ஹிமேரியுஸுக்கு எழுதிய கடிதத்திலும் இதுதான் இருக்கிறது. கவனியுங்கள்: அந்தக் காலத்தில் குருக்களுக்கு மனைவி இருந்தாள். பட்டத்துக்குப் பின் இருவரும் விரதம்போல வாழ வேண்டும் என்பதுதான் விதி. பலிபீடத்தில் நிற்பவர் எப்போதும் செபத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. விதி இருந்ததே தவிர, ஊர் ஊராக எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. 9, 10-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிராமத்துக் குருவுக்குக் குடும்பம் இருப்பது சாதாரணம். 867-இல் பாப்பரசரான இரண்டாம் ஆதிரியானுக்கே மனைவியும் மகளும் இருந்தார்கள்.

சொத்து இந்த இடத்தில்தான் வருகிறது. கோயில் நிலம் குருவின் மகனுக்குப் போனது, பங்குத்தந்தை பதவியே அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது. 1022-இல் பாவியா சங்கத்தில் பாப்பரசர் எட்டாம் பெனடிக்ட், குருக்களின் பிள்ளைகள் திருச்சபையின் அடிமைகளாக இருப்பார்கள் என்றுகூடச் சட்டம் போட்டார். வாசிக்கவே கஷ்டமாக இருக்கும் சட்டம். ஆனால் பாப்பரசர் ஏழாம் கிரகோரி காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் கோபம் நிலத்தோடு நிற்கவில்லை. ஆயர் பதவியைக் காசுக்கு விற்பதையும், அரசர்கள் தங்கள் ஆட்களை ஆயராக்குவதையும் அவர்கள் இதோடு சேர்த்தே எதிர்த்தார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. நார்மண்டியில் ரூவான் பேராயர் ஜான், மனைவியை விட்டுவிடும்படி தம் குருக்களிடம் சொன்னபோது கல்லெறி வாங்கிக்கொண்டு கோயிலை விட்டே ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் 1139-இல் இரண்டாம் லாத்தரன் சங்கம், பட்டம் பெற்றவர் செய்யும் திருமணம் செல்லவே செல்லாது என்று முடிவு கட்டியது. அதற்கு முன் அப்படி மணமுடிப்பது தவறு என்று மட்டுமே இருந்தது. அதற்குப் பின் திருமணமே இல்லை என்றாகிவிட்டது.

ஆனாலும் சட்டம் நிஜ வாழ்க்கையில் ஊன்றியது 1563-க்குப் பிறகுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டு திரிதெந்து சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமடம் தொடங்க வேண்டும் என்றது. இளைஞனை ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்து, யோசிக்க நேரம் கொடுத்து, அப்புறம் கேட்பது ஒன்று. பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு இருப்பவரிடம் வீட்டைக் காலிசெய் என்பது வேறு. அதற்குள் ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1525-இல் கத்தரீனா ஃபான் போராவை மணமுடித்து, சீர்திருத்தச் சபைகள் வேறு வழியில் போய்விட்டன. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கும் இங்கேயே 1716-இல் குடும்பம் வைத்தார். முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியாரோ இயேசு சபைத் துறவி. நம் ஊரில் கத்தோலிக்கக் குரு என்றாலே தனி ஆள், போதகர் என்றால் குடும்பஸ்தர் என்று மனதில் பதிந்ததன் வேர் இதுதான்.

காரணத்தைச் சொல்லும்போது ‘நேரம்’ என்று தொடங்காதீர்கள்

“குடும்பம் இருந்தா மக்களுக்கு நேரம் ஒதுக்க முடியாது, அதனாலதான்” என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். பாதி ராத்திரியில் பிரசவம் பார்க்க ஓடும் டாக்டரம்மாவுக்குக் குடும்பம் இல்லையா? கடலுக்குப் போகும் அப்பாக்கள் நாள்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லையே? பிள்ளைகள் இந்தக் கேள்வியை உடனே கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நேரம் ஒரு நல்ல விளைவு, அவ்வளவுதான். அடிப்படை வேறு.

ஆறாம் பவுல் 1967-இல் மணத்துறவைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் மூன்று பக்கங்களிலிருந்து விளக்குகிறார். அதை என் வார்த்தையில் சொல்கிறேன். முதலாவது கிறிஸ்து. அவர் மணமுடிக்கவில்லை. விண்ணரசுக்காக இப்படி வாழ்பவர்கள் உண்டு, இதை ஏற்கக்கூடியவர் ஏற்கட்டும் என்று மத்தேயு 19-இல் சொல்கிறார், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. குரு பலிபீடத்தில் அவர் இடத்தில் நிற்பவர், அதனால் அவர் வாழ்ந்த விதத்திலேயே வாழ விரும்புகிறார். இரண்டாவது திருச்சபை. மணமானவர் தன் மனைவியைக் கவனிப்பது அவர் கடமை, அதனால் அவர் கவனம் பிரிந்திருக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நேரத்தைவிட மனதைப் பற்றித்தான் அவர் பேசுகிறார். யாருடைய முகத்தைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கிறார் என்பது அதில் இருக்கிறது. கலவரம் நடக்கும் ஊரிலோ கொள்ளைநோய் பரவும் ஊரிலோ தங்குவதா போவதா என்று முடிவெடுக்கும் நேரத்தில் இது புரியும்.

மூன்றாவதைச் சொல்லத்தான் பலர் தயங்குகிறார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது. உயிர்த்தெழுந்தவர்கள் மணமுடிப்பதில்லை என்று இயேசு லூக்கா 20-இல் சொல்கிறார். இந்த வாழ்க்கையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்றால் மணத்துறவு வெறும் இழப்புதான். அதில் ஓர் அர்த்தமும் இல்லை. பிள்ளை வேண்டும், பேர் சொல்ல ஆள் வேண்டும், வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதை நம் ஊரில் எவ்வளவு பெரிதாக நினைக்கிறோம்! அதையெல்லாம் ஒரு மனிதன் கைவிட்டுவிட்டு நம் நடுவில் நடமாடுகிறான் என்றால், மறுவாழ்வு உண்டு என்று தன் உடம்பாலேயே பந்தயம் கட்டியிருக்கிறான். மரண வீட்டில் ஃபாதர் வந்து உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

இதைச் சொல்லும்போது திருமணத்தைத் தாழ்த்தாதீர்கள். திருமணம் அருட்சாதனம், உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மா அதைப் பெற்றவர்கள். நல்லது என்று தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் அது காணிக்கை.

நடைமுறையைத் தெளிவாகச் சொல்லுங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகள் ஃபாதரைக் காவி கட்டாத சந்நியாசியாக நினைக்கிறார்கள். அப்புறம் அவர் பைக்கில் போவதையும் போன் வைத்திருப்பதையும் பார்த்துக் குழம்புகிறார்கள். இயேசு சபையினர், சலேசியர், கப்புச்சின் போன்ற துறவற சபையினர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். என் தம்பியைப் போன்ற மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணமின்றி வாழ்வதாகவும் வாக்குக் கொடுக்கிறார். சிறிய மாதப்படி உண்டு, சொந்தமாக வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எளிமையாக வாழ வேண்டும் என்பது கடமை.

அந்த வாக்கு எப்போது கொடுக்கப்படுகிறது என்று கேட்டுப்பாருங்கள், பெரியவர்களுக்கே தெரியாது. ஊரில் பந்தல் போட்டு, ஆயரை மேளதாளத்தோடு அழைத்துவந்து, பிரியாணி போடும் குருப்பட்டத்தன்று என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்பு, திருத்தொண்டர் பட்டத்தின்போதே கொடுத்தாகிவிட்டது. விண்ணரசுக்காகவும் மக்கள் பணிக்காகவும் மணமின்றி வாழ உறுதி எடுக்கிறாயா என்று ஆயர் எல்லார் முன்னிலும் கேட்கிறார். பட்டம் பெறுபவர் சம்மதம் சொல்கிறார். சட்டப்படி அப்போது குறைந்தது 23 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே தத்துவம், களப்பணி, இறையியல் என்று பல ஆண்டுகள் போயிருக்கும். அந்த ஆண்டுகளில் எந்த நாளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வருவதில் ஒரு அவமானமும் இல்லை என்று தயவுசெய்து வகுப்பில் சொல்லுங்கள். குருமடத்திலிருந்து திரும்பிய பையனை “ஓடிவந்தவன்” என்று ஊர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். யோசித்து, தனக்கு இது இல்லை என்று கண்டுகொண்ட பையன் அவன்.

மணமானவர்கள் திருத்தொண்டராகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1967-இல் ஆறாம் பவுல் அந்த நிலையைத் திரும்பக் கொண்டுவந்தார். 35 வயதும் மனைவியின் சம்மதமும் வேண்டும். நம் நாட்டில் இவர்கள் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் பார்த்திருப்பார்கள். லத்தீன் முறையிலும் மணமான குருக்கள் விதிவிலக்காக உண்டு. 1951-இல் ஜெர்மனியின் மயின்ஸ் நகரில் ருடால்ஃப் கோதே என்ற முன்னாள் லூத்தரன் போதகர் மணமானவராகவே குருப்பட்டம் பெற்றார். 1980 முதல் அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த போதகர்கள் பலருக்கும் அப்படிப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

தனிமையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்காதீர்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் கைகொடுத்து, கேக் கொடுத்து, எல்லாரும் குடும்பத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் தம்பி கோயில் கதவைச் சாத்திவிட்டு, மூடிவைத்த சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் இதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. மணத்துறவு ஒருவர் தனியாகச் சுமக்கும் வாக்கு என்று நாம் விட்டுவிடக் கூடாது. அவரைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துவது பங்கு மக்களின் பங்கு. பண்டிகை நாளில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், உடம்பு சரியில்லையென்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். அதே நேரம் அவர் யாரோடு பேசினாலும் கண் காது வைத்துக் கதைகட்டும் பழக்கத்தை நிறுத்துங்கள். இந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

கஷ்டமான கேள்விகள்

பத்தாம் வகுப்புக்கு மேல் போனால் செய்திகளில் வருவதைக் கேட்பார்கள். குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளுக்கு மணத்துறவுதான் காரணமா? மழுப்பாதீர்கள். அமெரிக்க ஆயர்கள் கேட்டு ஜான் ஜே கல்லூரி 2004-இல் வெளியிட்ட அறிக்கை, 1950 முதல் 2002 வரை பணியில் இருந்த குருக்களில் சுமார் 4 சதவீதம் பேர்மேல் இப்படிப்பட்ட புகார்கள் வந்ததாகச் சொன்னது. அதே கல்லூரியின் 2011 அறிக்கை மணத்துறவைக் காரணமாக ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையம் 2017-இல், மணத்துறவு மட்டுமே நேரடிக் காரணமில்லை என்றாலும் மற்றக் காரணங்களோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டியது என்று சொல்லி, மறைமாவட்டக் குருக்களுக்கு அதை விருப்பத்துக்கு விடுவதைப் பரிசீலிக்கும்படி கேட்டது. இரண்டையும் சொல்லுங்கள். கொடுமை மணமானவர் வீடுகளிலும் நடக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லித் திருச்சபையின் தவறைச் சிறிதாக்காதீர்கள். மூடிமறைத்தது பெரும் பாவம். அதோடு நிறுத்தாமல், யார் தப்பாகத் தொட்டாலும், அது ஃபாதராக இருந்தாலும் டீச்சராக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும், வீட்டில் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்யலாம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். நான் எழுதுகிறேன்.

குருத்துவத்தை விட்டுப் போனவர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஒருவர் மணமுடிக்க விரும்பினால் ஆயர் வழியாக ரோமுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மணத்துறவு வாக்கிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பாப்பரசருக்கு மட்டும்தான். பணி போய்விடும், பட்டம் அழியாது. சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவர் இப்போதும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம் என்று 976-ஆம் விதி சொல்கிறது. இந்த விதியைக் கேட்டால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். அவரையும் அவர் மனைவியையும் ஊர் ஒதுக்கிவைப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. திருப்பலிக்கு வந்தால் நகர்ந்து இடம் கொடுங்கள்.

சட்டம் மாறுமா? அமேசான் காடுகளில் திருப்பலியே இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும் ஊர்களுக்காக, குடும்பத்தோடு வாழும் நிரந்தரத் திருத்தொண்டர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான ஆதரவோடு கேட்டது. 2020 பிப்ரவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட மடலில் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதே பிரான்சிஸ் 2014-இல், கீழைத் திருச்சபைகளின் மணமான குருக்கள் தங்கள் சொந்த நாட்டுக்கு வெளியே பணிசெய்ய இருந்த பழைய தடையை நீக்கியவர். என்னைக் கேட்டால், கீழைத் திருச்சபைகளில் இருப்பதுபோல இரண்டு வழிகளும் இங்கேயும் திறந்திருக்கலாம் என்பேன். என் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். எங்கள் வீட்டில் இது பழைய வாக்குவாதம். பிள்ளைகளிடம் இருவர் கருத்தையும் சொல்லுவேன், கத்தோலிக்கர் இதில் வேறுபடலாம் என்றும் சொல்லுவேன்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. களப்பணிக்கு வந்திருக்கும் பிரதர் (குருமட மாணவர்) யாராவது பங்கில் இருந்தால் அவரை வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகள் பேர் போடாமல் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதட்டும். சீட்டுகளை முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். “உங்களுக்கு யாரையாவது பிடிச்சிருந்ததா?” என்று கட்டாயம் ஒரு சீட்டு இருக்கும். அதை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள், எப்படிப் பதில் சொல்வது என்று அவர் முடிவு செய்யட்டும். அவர் பேசும்போது நீங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.